சூட்டுக்குச் சூட்டிய பெயர்கள்

கறுத்தக்கொழும்பான் என்று சொல்லி ஒருவர் மாங்கன்று விற்றால், அவர் நமக்கு ஒரு வாக்குறுதி தருகிறார். இன்று நான்கு இலையோடு நிற்கும் இந்தக் கன்று நாளை காய்க்கும்போது கறுத்தக்கொழும்பானாகவே காய்க்கும் என்பதே அந்த வாக்குறுதி. ஒரு வருடம் வெயில் நன்றாக எறித்ததனால் நிறமேறிய ஒரு காயைக் கையில் ஏந்தி, "இது புது இனம், பெயர் இன்னது, கன்றின் விலை இவ்வளவு" என்று யாராவது வந்தால் யாழ்ப்பாணத்துச் சந்தையில் அவர் ஒரு பொழுதுகூட நின்றுபிடிக்கமாட்டார். வெயில் செய்ததை வேர் செய்ததாகச் சொல்வது நமது ஊரில் மோசடி.

அதே காரியம் உலகச் சந்தையொன்றில் பல ஆண்டுகளாகக் கேட்பாரின்றி நடந்துவருகிறது. அங்கே விற்பனையாவது மாங்கன்று அல்ல, பல்லி.

பல்லி சொன்னால் பலன் பார்த்து வளர்ந்த நமக்கு, பல்லியைக் காசு கொடுத்து வாங்குவதே விநோதமாகப் படலாம். ஆனால் நான் சொல்வது நமது சுவர்களில் ஓடும் பல்லியைப் பற்றியல்ல. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய நாடுகளின் வறண்ட கற்பாங்கான நிலங்களில் வாழும் சிறுத்தைப் பல்லியைப் பற்றி. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அரும்பொருட்காட்சியகத்தைப் பராமரித்துவந்த எட்வர்ட் பிளைத் 1854இல் அதனை விவரித்து அறிவியற் பெயர் சூட்டினார். இதற்குச் சுவரில் ஏறும் ஒட்டுப்பாதம் கிடையாது. பெரும்பாலான மற்றப் பல்லிகளுக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்துவைத்துப் பஞ்சகாலத்தைக் கடக்கும். நன்றாகப் பராமரித்தால் 15, 20 வருடங்கள் வாழும். சாதுவான பிராணி என்பதனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலட்சக்கணக்கான வீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்க்கப்படுகிறது. புலம்பெயர்ந்த நம்மவர் பிள்ளைகள் சிலரின் அறைகளிலும் அது இருக்கிறது. எனக்கு இவ்விடயம் தெரியவந்ததும் அப்படித்தான்.

காட்டில் இந்தப் பல்லி மஞ்சள் உடலும் கரும்புள்ளிகளுமாக இருக்கும். சந்தையிலோ அதற்கு நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள். ஹை யெலோ, டாஞ்சரின், மக் ஸ்னோ, பிளிசார்ட், எக்ளிப்ஸ், றாப்டர் என்று அந்தப் பட்டியல் நீளும். இந்த நிறவகைகளை அவர்கள் 'மோர்ப்' என்கிறார்கள். 'சூப்பர் ஹைப்போ டாஞ்சரின் கரட் டெயில் போல்டி' என்று ஒரே பிராணிக்கு ஒரு வரி நீளத்தில் பெயருண்டு. முதுகில் புள்ளியில்லை, உடல் செம்மஞ்சள், வாலின் அடி கரட் நிறம், தலை மொட்டை என்பதே அதன் பொருள். பெயர் நீள நீள விலையும் ஏறும். சாதாரணப் பல்லியின் விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்குபவர் நிறத்துக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை. அந்த நிறம் குட்டிகளுக்கும் இறங்கும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்தே கொடுக்கிறார்.

இங்கேதான் முட்டையின் சூடு குறுக்கே வருகிறது.

ஊர்வன பலவற்றில் ஆணா பெண்ணா என்பதை முட்டை அடைகிடக்கும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது என்ற உண்மையை, செனெகல் நாட்டின் டக்கார் நகரில் ஆய்வுசெய்த மடலின் ஷார்னியே என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1966இல் ஓணான் வகையொன்றில் முதன்முதலில் கண்டு எழுதினார். சிறுத்தைப் பல்லியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. 26 பாகை செல்சியசில் வைத்த முட்டைகளில் ஏறத்தாழ அனைத்தும் பெண்ணாகப் பொரிக்கின்றன. 32.5 பாகையில் நான்கில் மூன்று பங்களவு ஆண். 34, 35 பாகைக்கு ஏறினால் திரும்பவும் பெரும்பாலும் பெண். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் என்பவரின் ஆய்வுகூடம் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தது. அவரும் வில்லியம் கட்ஸ்கேயும் 1988இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, முட்டைப் பருவத்துச் சூடு அப்பிராணி வளர்ந்தபின் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றுகிறது என்று காட்டியது. அதிக சூட்டில் பொரித்த பெண் பல்லிகள், குறைந்த சூட்டில் பொரித்த தமது இனத்துப் பெண்களைவிட மூர்க்கமாக நடந்துகொண்டன.

பாலையும் குணத்தையும் மாற்றுகின்ற சூடு தோலை மட்டும் விட்டுவைக்குமா? வைக்காது. குறைந்த வெப்பநிலையில் பொரிக்கும் குட்டிகளின் தோலில் மெலனின் என்னும் கருநிறப்பொருள் கூடுதலாகப் படிகிறது. அவை இருண்டு தெரிகின்றன. கூடிய வெப்பநிலையில் பொரிப்பவை வெளிறி, மஞ்சளும் செம்மஞ்சளும் தூக்கலாகத் தெரிகின்றன. இது ஆய்வுகூட இரகசியம் அல்ல. பல்லி வளர்ப்போர் அனைவரும் அறிந்த சங்கதி. முதல் சில வாரங்கள் குறைந்த சூட்டில் வைத்துப் பெண் என்று உறுதிசெய்துகொண்டு, பின்னர் சூட்டை ஏற்றி நிறத்தைப் பளிச்சிடச் செய்யும் தந்திரம் அவர்களுக்குள் கைமாறி வருகிறது.

இப்போது பெயர் வைக்கும் முறையைப் பாருங்கள். உடலில் புள்ளிகள் பத்துக்கு மேற்படாவிட்டால் அது 'ஹைப்போ'. ஒன்றுமே இல்லாவிட்டால் 'சூப்பர் ஹைப்போ'. தலையில் இல்லாவிட்டால் 'போல்டி'. அதாவது பெயர் என்பது வெறும் புள்ளிக் கணக்கு. அந்தப் புள்ளிகளைக் கூட்டவும் குறைக்கவும் அடைகாக்கும் பெட்டியின் வெப்பநிலைக்கு வல்லமை உண்டு. அப்படியானால் அந்தப் பெயர் எதைச் சொல்கிறது? பல்லியின் பரம்பரையையா, பெட்டியின் விசையை எந்த இலக்கத்தில் திருப்பிவைத்தார்கள் என்பதையா? சொல்லத் தெரியாத ஒன்றைச் சொல்வதுபோல் பாவனை செய்யும் பெயர் அது.

இன்னுமொன்று. இக்குட்டிகள் பொரிக்கும்போது புள்ளிகளோடு பொரிப்பதில்லை. அகன்ற கரும்பட்டைகளோடு பொரிக்கின்றன. மாதங்கள் செல்லச்செல்லப் பட்டைகள் உடைந்து புள்ளிகளாகின்றன. புள்ளிகளை எண்ணக் காத்திராமலே குட்டியின் படத்தின்கீழ்ப் பெயரும் விலையும் ஏறிவிடுகின்றன. பத்திரிகைத் தொழிலில் புகைப்படத்தின் கீழ் எழுதும் ஒற்றை வரிக்கு நாங்கள் அஞ்சுவோம். செய்தியை முழுதாக வாசிக்காதவரும் அந்த வரியை வாசிப்பார் என்பதனால். படத்தில் தெரியாத ஒன்றை அந்த வரியில் எழுதாதே என்பது செய்தி மேசையின் பாலபாடம். பல்லிச் சந்தையில் அந்த ஒற்றை வரியே வியாபாரமாகிவிட்டது.

ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் 'சொக்லேட் அல்பினோ' என்ற பெயருடைய இரண்டு பெண் பல்லிகளை வாங்கினான். அல்பினோ என்றால் கருநிறம் அற்றது. ஆனால் அவை அழகான கபில நிறத்தில் இருந்தன. இது அபூர்வமான தனிப் பரம்பரை, இரட்டிப்பு விலை என்றார் விற்றவர். இவன் அவற்றைச் சாதாரண அல்பினோ ஆணோடு சேர்த்து, முட்டைகளை 31 பாகையளவில் வைத்தான். பொரித்தவை எல்லாம் வெளிறிய சாதாரண அல்பினோக்கள். விற்றவரிடம் கேட்டதற்கு, அடுத்த தலைமுறையில் நிறம் வெளிப்படும், பொறுத்திரு என்று பதில் வந்தது.

பையன் பொறுத்திருக்கவில்லை. இந்தப் பல்லி ஒரு தடவையில் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். அடுத்த தடவை ஒரு முட்டையை 26 பாகைக்குச் சற்று மேலும், மற்றதை 31 பாகையிலும் வைத்தான். மூன்று தடவை இப்படிச் செய்தான். குளிர்ந்த பெட்டியில் பொரித்தவை கபிலம். சூடான பெட்டியில் பொரித்தவை வெளிர். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே நாளில் இட்ட முட்டைகள். தொலைபேசியில் அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "மாமா, அவங்கள் எனக்குப் பல்லியை விக்கேல்லை. பெயரைத்தான் வித்திருக்கிறாங்கள்."

அவன் கண்டது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. குறைந்த சூட்டில் வைத்த அல்பினோ முட்டைகள் கபில நிறக் குட்டிகளைத் தரும் என்பது அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாக அறிந்ததே. நேர்மையானவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லியே விற்கிறார்கள். மற்றவர்கள் சொல்வதில்லை. வாங்குபவர் சற்று யோசித்தால் அங்கேயே ஒரு தடயம் இருக்கிறது. கபிலத்தைத் தரும் அதே குறைந்த சூடு பெண்ணையும் தருகிறது. எனவே இந்தச் 'சொக்லேட்' பரம்பரையில் ஆண்கள் அரிதாகவே இருப்பார்கள். ஆண்களே அருகிப்போன ஒரு பரம்பரை எப்படிப் பரம்பரையானது என்று கேட்க ஒருவரும் இல்லையா?

இத்துறையில் சரியாகப் பெயர் சூட்டத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும் என்பதே எனது குற்றச்சாட்டு. 1996இல் ரொன் ட்ரெம்பர் என்ற அமெரிக்க வளர்ப்பாளரிடம் முதல் அல்பினோ வகை வெளிவந்தது. 1990களின் பிற்பகுதியில் பெல், ரெயின்வோட்டர் என்ற பெயர்களில் வேறு இரண்டு வகைகள் வந்தன. கண்ணுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒரு வகையை இன்னொரு வகையோடு இணைத்தபோது குட்டிகள் அல்பினோவாகப் பிறக்கவில்லை, சாதாரண நிறத்திலேயே பிறந்தன. மூன்றும் வெவ்வேறு பரம்பரையலகுகளில் நேர்ந்த விகாரங்கள் என்பது அதனால் உறுதியானது. மூன்று பெயர்களும் தமது இடத்தை உழைத்துப் பெற்றன. அதேபோல, முன்னர் 'லூசிஸ்டிக்' என்று விற்கப்பட்ட ஒரு வகை உண்மையில் அப்படிப்பட்டதல்ல என்று தெரிந்தபோது, அது 'மர்பி பற்றர்ன்லெஸ்' என்று அழைக்கப்படலாயிற்று. தவறான பெயரைத் திருத்தவும் இவர்களால் முடிந்திருக்கிறது. முடிந்தவர் செய்யாமல் விடுவதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

விலங்கியலாளர்கள் பெயர் சூட்டும் முறையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியாவின் ஆந்திர, ஒடிசாப் பகுதிகளில் வாழும் ஒரு சிறுத்தைப் பல்லி, நெடுங்காலம் வேறோர் இனமாகவே கருதப்பட்டு, 2022இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. அதற்கு மாதிரி உடல் பாதுகாக்கப்பட வேண்டும், அளவுகள் எடுக்கப்பட வேண்டும், பரம்பரையலகுகள் ஒப்பிடப்பட வேண்டும், எல்லாவற்றையும் பிறர் சரிபார்க்கும்படி அச்சேற்ற வேண்டும். சர்வதேச விலங்கியற் பெயரீட்டுச் சட்டக்கோவை சந்தையின் மோர்ப் பெயர்களைக் கணக்கிலெடுப்பதில்லை. துணையினத்துக்குக் கீழே உள்ள பெயர்கள் அதன் எல்லைக்கு வெளியே. எனவே அங்கே காவலர் இல்லை. காவலர் இல்லாத வீதியில் சிவப்பு விளக்கைத் தாண்டுவது எளிது.

இதற்கு மூன்று மறுமொழிகள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, இது பொழுதுபோக்கு, ஏன் இவ்வளவு கோபம் என்பது. பொழுதுபோக்கில் பணம் கைமாறாவிட்டால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். பெயருக்கு விலை வைத்த கணமே அது வியாபாரம். வியாபாரத்தில் பொருளின் தன்மையை மறைப்பதற்கு எந்த மொழியிலும் ஒரே சொல்தான் உண்டு.

இரண்டாவது சற்றுக் கனதியானது. எந்த உயிரின் எந்த இயல்பும் பரம்பரையும் சூழலும் சேர்ந்து செய்தது, அவ்விரண்டையும் பிரிக்கமுடியாது என்கிறார்கள். உண்மைதான். ஜேர்மனியரான ரிச்சார்ட் வொல்ட்டரெக் 1909இலேயே நீர்த்தெள்ளுகளை வைத்து இதனைக் காட்டினார். ஒரே பரம்பரை, வெவ்வேறு சூழலில் வெவ்வேறு தோற்றம் கொள்ளும். 2019இல் சிறுத்தைப் பல்லிகளின் தலைப்புள்ளிகளைக் கணித மாதிரிகளால் ஆராய்ந்த ஒரு குழு, பரம்பரை, சூழல் இரண்டுக்கும் மேலாகத் தற்செயலுக்கும் கணிசமான பங்கு உண்டு என்று காட்டியது. 'போல்டி' என்று விற்கப்படும் மொட்டைத் தலையில் தற்செயலும் ஒரு பங்காளி! ஆனால் இந்த வாதம் விற்பவருக்கு எதிராகவே திரும்புகிறது. மூன்று பேர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவரின் பெயரை மட்டும் ஏன் எழுதுகிறீர்கள் என்பதுதானே எனது கேள்வி? சயாமியப் பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறம் தரும் நொதியம் சூட்டில் செயலிழக்கும். ஆகவே சூடான உடல் வெளிறியும் குளிர்ந்த காதும் வாலும் கறுத்தும் இருக்கின்றன. தாயின் கருப்பைச் சூட்டில் வளர்ந்த குட்டி வெள்ளையாகவே பிறக்கிறது. அங்கும் சூடு வேலை செய்கிறது. ஆனால் சூட்டுக்கு அப்படி இணங்கும் தன்மையே அங்கு தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. அதனால் அந்தப் பெயர் பொய்யல்ல. பிரிக்கமுடியாது என்று சொல்பவர்கள் பிரித்துப்பார்க்க முயலவில்லை என்பதே உண்மை.

மூன்றாவது, சிறு வளர்ப்பாளரிடம் ஆய்வுகூடம் இல்லை, இதையெல்லாம் சோதிக்க அவரால் இயலாது என்பது. பதினெட்டு வயதுப் பையன் தன் அறையில் இரண்டு பெட்டிகளை வைத்துச் சோதித்துவிட்டான். இயற்கையே இரட்டை இரட்டையாக முட்டை தருகிறது. வெப்பநிலைக் குறிப்பு எங்களிடம் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. "பெண் குட்டி, வெப்பநிலையால் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி விற்பவர், பாலைச் சொல்வதற்கு அந்த இலக்கத்தை எடுத்துக் காட்டுகிறார். நிறத்தைச் சொல்லும்போது மட்டும் அதே இலக்கத்தை மேசைக்கு அடியில் ஒளிக்கிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பணத்தோடு முடிகிற விடயமாக இருந்தால் இத்தனை நீளத்துக்கு எழுதியிருக்கமாட்டேன். சோதிக்குமுன் பெயர், பெயருக்குப்பின் விலை, விலைக்குப்பின் பெருக்கம் என்ற இந்த அவசரம் உயிர்களைப் பலிகொண்டிருக்கிறது. 2000களில் 'எனிக்மா' என்ற புள்ளி வகை வந்தது. அது மெய்யாகவே பரம்பரையாக இறங்குவது. அதனோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே இறங்கியது. தலை சாய்ந்து, ஒரே இடத்தில் வட்டமிட்டு, இரையைக் குறிவைக்க முடியாமல் தவிக்கும் பல்லிகள் பல நாடுகளுக்குப் பரவிய பின்னரே எச்சரிக்கைகள் உரக்க ஒலித்தன. 2010களின் நடுப்பகுதியில் 'லெமன் ஃபுரொஸ்ட்' வந்தது. எலுமிச்சை மஞ்சளும் பனிவெண்மையும் கலந்த அதன் அழகுக்கு வாங்குபவர்கள் முண்டியடித்தார்கள். அந்த வெண்மையைத் தரும் நிறக்கலங்களே கட்டுமீறிப் பெருகித் தோலில் கட்டிகளாகின என்பது பிறகு தெரியவந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2021இல் அவ்விகாரம் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, கட்டிகளை அடக்கும் ஒரு பரம்பரையலகே அதற்குக் காரணமாயிருக்கக்கூடும் என்று எழுதினார்கள். மனிதருக்கு வரும் தோற்புற்றுநோயோடும் தொடர்புபடுத்தப்பட்ட பரம்பரையலகு அது.

சூட்டின் நிறத்தைப் பரம்பரை என்று விற்றதும், நோயின் நிறத்தை அழகு என்று விற்றதும் இருவேறு குற்றங்களாகத் தோன்றலாம். வேர் ஒன்றுதான். இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தேடுமுன்னர் பெயர் சூட்டிவிடுவது. முதலாவதில் ஏமாந்தவர் பணத்தை இழந்தார். இரண்டாவதில் பல்லி உயிரை இழந்தது. முதலாவதிலும் பல்லிக்கு நட்டம் இல்லாமல் இல்லை. எதிர்பார்த்த நிறம் வராத குட்டிகள் 20 வருடம் வாழக்கூடியவை. அவற்றை யார் வளர்ப்பது?

சூழல் செய்ததைப் பிறப்பின் கணக்கில் எழுதுவது மனிதரின் பழைய கெட்ட வழக்கம். அந்தக் கண்ணைப் பல்லித் தொட்டி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறோம்.

எனவே, எங்காவது ஒரு நகரத்தில் உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இந்தப் பல்லியொன்றுக்காக அடம்பிடித்தால், வாங்கிக்கொடுங்கள். நல்ல பிராணி அது. ஆனால் பெயருக்கென்று ஒரு சதமேனும் கூடுதலாகக் கொடுக்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் குட்டி பொரித்த முட்டை எத்தனை பாகையில், எத்தனை நாள் இருந்தது? இதே நிறம் வேறொரு வெப்பநிலையில் வைத்த முட்டைகளிலும் வந்ததா, அடுத்த தலைமுறையிலும் வந்ததா? இந்த வகையில் வளர்ந்த பல்லிகள் சில வருடங்களுக்குப் பின்னர் எப்படி இருக்கின்றன? மூன்றுக்கும் விடை எழுத்தில் தருபவரிடம் தாராளமாக வாங்குங்கள். விடை தராதவரிடம் சாதாரணப் பல்லியின் விலையைச் சொல்லுங்கள். அவரிடம் இருப்பது சாதாரணப் பல்லி. மிகுதியெல்லாம் மின்சாரச் செலவு.